அமுக்கினால் நசுங்காத குழாய்

தில்லி கோல் மார்க்கெட் சர்க்கார் குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்த காலத்தில் பிள்ளைகளின் வயிற்றுவலிக்கு மூன்று வைத்தியங்கள் இருந்தன. தமிழ்க் குடும்பமென்றால் விளக்கெண்ணெய். பஞ்சாபிக் குடும்பமென்றால் ‘நாஃப் டல் கயீ’, தொப்புள் இடம் நகர்ந்துவிட்டது என்று தீர்ப்பாகும். தொப்புளைச் சுற்றிக் கடுகெண்ணெய் தடவி, இழுத்து, அதை மறுபடி அதன் இடத்தில் உட்காரவைக்கத் தெரிந்த அம்மாள் யாராவது அக்கம்பக்கத்தில் இருப்பாள். இந்த இரண்டிலும் நம்பிக்கையில்லாத வீடுகளிலிருந்து காலி பாட்டிலோடு சர்க்கார் டிஸ்பென்சரிக்குப் போய், வரிசையில் நின்று, கார்மினேட்டிவ் மிக்ஸ்சர் வாங்கிவருவார்கள். பிள்ளைகளின் வயிற்றுவலியில் பெரும்பாலானது தானாகவே போய்விடக்கூடியது. அதனால் மூன்று வைத்தியத்துக்குமே நல்ல பேர் இருந்தது.

என் அண்ணாவுக்கு வந்தது அப்படிப் போகிற வலி இல்லை. அறுபதுகளின் நடுவில், தில்லிக் குளிர் உச்சத்தில் இருந்த ஒரு ஜனவரி. காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். ஜுரத்தில்கூடத் தட்டைத் தள்ளாதவன் என்பதால் அம்மாவுக்கு அப்போதே கவலை பிடித்துவிட்டது. மத்தியானம் வாந்தி. சாயங்காலத்துக்குள் வலி கீழே இறங்கி, வலதுபுறம் இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. விளக்கெண்ணெய் பாட்டில் அலமாரியிலிருந்து இறங்கியிருந்தது. நல்லவேளை, அதற்குள் அப்பா ஆபீசிலிருந்து வந்துவிட்டார். அவருடைய செக்‌ஷனில் ஒருவர் வீட்டில் இதே மாதிரி வலிக்குப் பேதிமருந்து கொடுத்து, பிள்ளை போய்விட்ட கதை அவருக்குத் தெரியும். ஸ்கூட்டர் ரிக்‌ஷா பிடித்து வில்லிங்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணா கத்தினான்.

வில்லிங்டன் என்றால் இன்றைய ராம் மனோகர் லோஹியா ஆஸ்பத்திரி. லோஹியா 1967-ல் காலமானது அங்கேதான், பிற்பாடு அவர் பேரையே வைத்தார்கள். கோல் மார்க்கெட்டின் பழைய தலைமுறைக்கு அது கடைசிவரை வில்லிங்டன்தான். சர்ஜன் செய்த பரிசோதனை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. குளிர்ந்த கையோடு தொட்டால் பிள்ளை வயிற்றை இறுக்கிக்கொள்ளும் என்று, இரண்டு கையையும் ஹீட்டர் பக்கம் காட்டிச் சூடு பண்ணிக்கொண்டார். வலிக்காத இடது பக்கத்தில்தான் முதலில் அமுக்கினார். அண்ணா வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தான். அப்புறம் கட்டிலைவிட்டு இறங்கி ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். குதிக்க முடியவில்லை. வெள்ளை அணுக்களை எண்ண ரத்தம் எடுத்தார்கள். அவ்வளவுதான். ராத்திரியே ஆபரேஷன்.

நான் பிற்பாடு ஸ்கேன் டாக்டரானதற்கு அந்த ராத்திரிதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு. ரேடியாலஜியில் நைட் டியூட்டி குறைவு என்று யாரோ சொன்னார்கள். அதுவும் பொய்.

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில் தொங்குகிற ஒரு முட்டுச்சந்து. உள்ளே போக ஒரு வாய் உண்டு, மறுபக்கம் வழி கிடையாது. அந்த வாயை இறுகிப்போன மலத்துணுக்கு அடைத்துக்கொள்ளலாம், அல்லது குழாயின் சுவரிலேயே இருக்கும் நிணத்திசு வீங்கி அடைக்கலாம். உள்ளே ஊறும் சளிக்கு வெளியேற இடமில்லை. அழுத்தம் ஏறும், கிருமி பெருகும், சுவருக்கு வரும் ரத்தம் குறையும், கடைசியில் ஓரிடத்தில் சுவர் அழுகிக் கிழியும். வலி ஏன் தொப்புளில் ஆரம்பித்து வலது கீழ்ப்பக்கம் போகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. குடல்வால் உப்பும்போது எழும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் தொப்புள் மட்டத்துத் தண்டுவடத்தில் போய்ச் சேர்கின்றன. மூளை அதைத் தொப்புள் வலியாகவே எடுத்துக்கொள்கிறது. அழற்சி வயிற்றின் உட்சவ்வைத் தொட்ட பிறகுதான் வலிக்குச் சரியான விலாசம் கிடைக்கிறது. இந்தக் குடல்வாலுக்குப் பேதிமருந்தோ எண்ணெய் போட்டு இழுப்பதோ எவ்வளவு கெடுதல் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

வலி நகர்ந்த இந்தக் கதையைப் பெரியவர்கள் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு எங்கே வலித்தாலும் தொப்புளில்தான் வலிக்கிறது. பெரியவர்கள் வயிற்றில் கொழுப்புத் திரை ஒன்று உண்டு, கெட்டுப்போன இடத்தைப் போய் மூடிக்கொள்ளும். சின்னக் குழந்தைகளுக்கு அது மெல்லியதாக, குட்டையாக இருக்கிறது. அதனால் குடல்வால் கிழிந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவுகிறது. ஐந்து வயதுக்குக் கீழே இந்த நோய் அபூர்வம்தான். ஆனால் வந்தால், ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள்ளேயே கிழிந்துவிட்ட பிள்ளைகள்தான் அதிகம்.

குடல்வாலை முதன்முதலில் வெட்டியெடுத்ததே ஒரு சிறுவனிடமிருந்துதான். 1735-ல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற சர்ஜன், 11 வயதுப் பையனின் குடலிறக்கத்தை அறுத்துப் பார்த்தபோது, அவன் விழுங்கிய குண்டூசி குடல்வாலைக் குத்திக் கிழித்திருந்ததைக் கண்டார். மயக்கமருந்து இல்லாத காலம். பையன் பிழைத்தான். ஆனால் வலது கீழ்வயிற்றின் உயிர்போகும் வலிக்குக் காரணம் குடல்வால்தான் என்று பாஸ்டன் டாக்டர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் உரக்கச் சொல்ல 1886 வரை ஆனது. மூன்று வருஷம் கழித்து நியூயார்க்கின் மெக்பர்னி, விரலை எங்கே வைத்தால் வலி உச்சமாக இருக்கும் என்று புள்ளிவைத்துக் காட்டினார். 1902-ல் பட்டாபிஷேகத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது ஏழாம் எட்வர்டுக்கு இதுவே வந்தது. ஃப்ரெடரிக் ட்ரீவ்ஸ் வயிற்றைத் திறந்து சீழை வடித்து மன்னரைக் காப்பாற்றினார். முடிசூட்டு விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. அதைக் கொண்டாடத்தான் 1903-ன் தில்லி தர்பார், யானைகள், அம்பாரிகள், அத்தனை கோலாகலமும். அந்த ட்ரீவ்ஸின் மகள் இதே நோயில் 1900-ல் இறந்துபோனாள். நாட்டிலேயே குடல்வாலை அதிகம் தெரிந்த கை அவருடையது என்று பேர்.

கையால் தெரிந்துகொள்வதற்கு ஒரு விலை இருந்தது. நாங்கள் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது இதைச் சங்கோஜமில்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள்: வெட்டியெடுத்த ஐந்து குடல்வாலில் ஒன்று நல்ல குடல்வாலாக இருந்தால் பரவாயில்லை, ஒன்றுமே நல்லதாக இல்லையென்றால்தான் நீ காத்திருந்து காத்திருந்து கிழியவிடுகிறாய் என்று அர்த்தம். நியாயமான கணக்குதான். நல்ல குடல்வாலோடு ஆபரேஷன் மேஜையில் படுத்த குழந்தையின் அம்மாவிடம் மட்டும் அதைச் சொல்லக்கூடாது.

அல்ட்ராசவுண்ட் வந்தபோது அதைக் குடலுக்குப் பயன்படுத்தலாம் என்று அநேகமாக யாரும் நினைக்கவில்லை. ஈரல், பித்தப்பை, சிறுநீரகம், கர்ப்பம் என்று திடமான உறுப்பும் நீர் நிறைந்த பையும்தான் அதற்கு. குடலில் காற்று. ஒலி காற்றில் பட்டதும் திரும்பிவிடும், திரையில் வெள்ளைப் புகைதான் தெரியும். ‘குடல் என் எதிரி’ என்றே எங்கள் சீனியர் ஒருவர் சொல்வார். ஃபிட்ஸ் எழுதிச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1986-ல், நெதர்லாந்தின் ஹேக் நகரத்து ரேடியாலஜிஸ்ட் ஜூலியன் பொய்லர்ட், ‘ரேடியாலஜி’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். சில மாதம் தாமதமாக நூலகத்துக்கு வந்த அந்த இதழை நான் படித்தது ஒரு மே மாத மத்தியானத்தில். படித்ததும் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று.

அவர் சொன்னது இது: அமுக்கு. வயிற்றில் வைத்துப் பார்க்கும் கைக்கருவியான புரோபை வைத்து மெல்ல, படிப்படியாக, வயிற்றின் முன்சுவர் பின்சுவரைத் தொடும் அளவுக்கு அமுக்கு. நல்ல குடல் நசுங்கும், அதிலிருக்கும் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். வீங்கிய குடல்வால் நசுங்காது. அது அப்படியே நிற்கும். 60 பேரைப் பரிசோதித்ததில் குடல்வால் அழற்சி உறுதியான 28 பேரில் 25 பேருக்கு அவரால் அதைத் திரையில் காட்ட முடிந்தது. வில்லிங்டன் சர்ஜன் கையால் செய்ததைத்தான் இவர் புரோபால் செய்தார். வித்தியாசம், அமுக்குகிற கைக்குக் கண் வந்துவிட்டது. இந்த வேலைக்குக் குழந்தைகளைவிடத் தோதான ஆள் கிடையாது. பெரியவர்கள் வயிற்றில் தொப்பையைத் தாண்டவே பாதி ஒலி செலவாகிவிடும். ஒல்லிப் பிள்ளையின் வயிற்றில் குடல்வால் தோலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும், அதிர்வெண் கூடிய தட்டைப் புரோபை வைத்தால் சுவரின் அடுக்குகளைக்கூட எண்ணிவிடலாம்.

நான் வேலைபார்த்த ஸ்கேன் சென்டர் கோல் மார்க்கெட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. மார்க்கெட் கட்டடம் 1921-ல் கட்டியது, பன்னிரண்டு முகம் கொண்ட வட்டம். சுற்றிலும் பங்களா ஸ்வீட் கடை, மருந்துக்கடை, கறிக்கடை. ஒரு பக்கம் போனால் மந்திர் மார்க், அங்கே எங்கள் தமிழ்ப் பள்ளி. ‘மதராஸி ஸ்கூல்’ என்றால்தான் ரிக்‌ஷாக்காரனுக்குப் புரியும். இன்னொரு பக்கம் போனால் 1956 முதல் குழந்தைகளுக்கென்றே இருக்கும் கலாவதி சரண் ஆஸ்பத்திரி. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஹரியாணாவிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், பிள்ளை உள்ளே படுத்திருக்கும் நாட்களில் பங்களா சாஹிப் குருத்வாராவின் இலவசப் பந்தியான லங்கரில் சாப்பிடுவார்கள். 1664-ல் தில்லியில் தொற்றுநோய் பரவியபோது எட்டு வயதுகூட நிறையாத குரு ஹர் கிருஷண் அந்த இடத்துக் கிணற்றுத் தண்ணீரை நோயாளிகளுக்குக் கொடுத்தார் என்பதும், அவரே அம்மையில் போனார் என்பதும் அங்கே வருகிற எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஸ்கேன் அறைக் கதவில், இந்தியா முழுக்க இருக்கிற அந்தப் பலகை எங்களிடமும் இருந்தது: கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, சொல்வது குற்றம். 1994-ல் வந்த சட்டம். அது தேவைப்பட்ட ஊர்தான் இது. 2001 கணக்கெடுப்பில் தில்லியில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 பையன்களுக்கு 868 பெண்கள். அந்தச் சட்டத்தை ஒரு வார்த்தை குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஸ்கேன் மெஷினைப் பதிவு செய்த இடத்தைவிட்டு நகர்த்த முடியாது, யார் தொடலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. நடுராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையிடம் மெஷின் போக முடியாமல், பிள்ளையை மெஷினிடம் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பெண் சிசுக்களுக்குச் செய்த பாவத்தின் வட்டியை இந்தப் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு வயது இருக்கும். அப்பாவுக்கு நார்த் பிளாக்கில் சர்க்கார் வேலை, குவார்ட்டர்ஸ் பேஷ்வா ரோடு பக்கம். கூடவே கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி. முதல்நாள் ராத்திரியிலிருந்து வலி. பையன் குனிந்தபடியே நடந்துவந்தான்.

“பூச்சிதாம்மா இது. ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கறான். இதுக்குப் போய் மெஷின் எல்லாம் வேணுமா?” என்றார் பாட்டி.

“பூச்சி இருந்தாலும் இதுல தெரியும் பாட்டி. நெளியறதைக்கூடப் பாக்கலாம்” என்றேன். பொய்யில்லை. உருண்டைப்புழு திரையில் இரண்டு இணைகோடுகளாகத் தெரியும், சில சமயம் அசையும். பாட்டிக்கு அது பிடித்திருந்தது. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பையனிடம் ஒரே ஒரு விரலால் வலிக்கிற இடத்தைக் காட்டச் சொன்னேன். அந்த விரல் காட்டுகிற இடத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஜெல்லைக் கையில் வைத்துச் சூடு பண்ணித்தான் தடவுவேன், தில்லி ஜனவரியில் அதைச் செய்யாதவர் பிள்ளையின் நம்பிக்கையை முதல் நொடியிலேயே இழந்துவிடுவார். என்ன படிக்கிறாய், டீச்சர் யார், சச்சின் எத்தனை அடித்தார் என்று கேட்டுக்கொண்டே அமுக்க வேண்டும். மூச்சை வெளியே விடும்போது ஒரு மில்லிமீட்டர், அடுத்த மூச்சுக்கு இன்னும் கொஞ்சம். சடாரென்று எடுக்கவும் கூடாது, எடுக்கும்போதுதான் உயிர்போகிற வலி. திரையில் முதலில் வயிற்றுத் தசை, அடியில் இடுப்பு மடக்கும் பெரிய தசை, அதன் மேல் துடிக்கிற தமனி. இந்த இரண்டுக்கும் முன்னால்தான் வழக்கமாகக் குடல்வால் கிடக்கும். அன்றைக்கு அங்கே ஒன்றும் இல்லை. பெருங்குடலின் ஆரம்பத்தில் காற்று நிரம்பியிருந்தது, அதன் பின்னால் வெறும் நிழல். பக்கத்தில் மெல்லிய கீற்றாகக் கொஞ்சம் நீர். ஓரிடத்தில் அமுக்கும்போது மட்டும் சச்சின் கணக்கு நின்றுபோய், பையன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: குடல்வால் தென்படவில்லை. வலது கீழ்வயிற்றில் புரோபின் அடியில் வலி இருக்கிறது. சிறிது நீர் இருக்கிறது. சர்ஜன் பார்க்க வேண்டும், வலி தொடர்ந்தால் சில மணி நேரத்தில் மறுபடி ஸ்கேன்.

“அப்போ அப்பெண்டிக்ஸ் இல்லைதானே மேடம்?” என்றார் அப்பா. முகத்தில் அத்தனை நிம்மதி.

ஸ்கேன் அறையில் நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுதான். மெஷினில் தெரியவில்லை என்றால் அங்கே இல்லை என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். டாக்டர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. நல்ல குடல்வால் பென்சிலைவிட மெலிதானது, பல பிள்ளைகளிடம் அது கண்ணில் படவே படாது. வீங்கிய குடல்வாலும் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் காற்று அதை மறைத்துவிடும். வழியைக் கண்டுபிடித்த பொய்லர்டுக்கே 28-ல் மூன்று பேரிடம் தெரியவில்லை. முழுக் குடல்வாலையும் நுனிவரை பார்த்து, அது 6 மில்லிமீட்டருக்குள் இருந்து, அமுக்கினால் நசுங்கினால், அது ‘இல்லை’. பார்க்கவே முடியவில்லை என்றால் அது ‘தெரியவில்லை’. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது என்று அந்த அப்பாவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். சர்ஜன் பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் ட்ரிப் ஏற்றிக் கவனித்தார். சாயங்காலம் மறுபடி என்னிடம் அனுப்பினார். ஜுரம் ஏறியிருந்தது.

இந்தத் தடவை பையனை இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தேன். அப்படிப் படுத்தால் குடல் தன் எடையில் நகர்ந்து வழிவிடும். என் இடதுகையை அவன் இடுப்புக்குப் பின்னால் கொடுத்து முன்னால் தள்ளிக்கொண்டு, வலதுகையில் புரோபைப் பக்கவாட்டில் வைத்தேன். அப்போது தெரிந்தது. பெருங்குடலுக்குப் பின்னால் மேல்நோக்கி மடிந்து, ஒரு முனை மூடிய குழாய். நெடுக்காகப் பார்த்தால் விரல் மாதிரி, குறுக்காகத் திருப்பினால் வளையத்துக்குள் வளையம். அமுக்கினேன், நசுங்கவில்லை. குறுக்களவு 9 மில்லிமீட்டர். வாயில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் அடியில் கறுப்பாக ஒரு நிழல்: இறுகின மலத்துணுக்கு. சுற்றியிருந்த கொழுப்பு வெளுத்துத் தடித்திருந்தது. கலர் டாப்ளரைப் போட்டதும் சுவரைச் சுற்றிச் சிவப்பு மின்னியது, ரத்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம்.

“பூச்சி எங்கேம்மா?” என்றார் பாட்டி.

அன்று ராத்திரியே எடுத்தார்கள். கிழியவில்லை. மூன்றாம் நாள் பையன் வீட்டுக்குப் போனான்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்து, ‘வயிறு நார்மல்’ என்ற ஒரு பக்க ரிப்போர்ட்டோடு வந்த ஒரு சிறுமி எனக்கு மறக்காது. அந்த ரிப்போர்ட்டில் ஈரலின் அளவு இருந்தது, மண்ணீரல் இருந்தது, இரண்டு சிறுநீரகமும் சென்டிமீட்டர் கணக்கில் இருந்தன. வலது கீழ்வயிற்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தப் புரோப் அங்கே போகவே இல்லை. நார்மல் என்ற தைரியத்தில் வீட்டிலேயே வைத்திருந்து, ஐந்து நாள் கழித்துக் கொண்டுவந்தார்கள். வயிற்றுக்குள் சீழ்க்கட்டி. பிழைத்தாள், ஆனால் ஸ்கூலில் அந்த வருஷம் போய்விட்டது.

இன்னொரு சமாசாரமும் என்னை எரிச்சல்படுத்தும். குடல் மடிப்பிலிருக்கும் நிணமுடிச்சுகள், நம்மூர் பேச்சில் நெறிகட்டி. எந்த ஆரோக்கியமான பிள்ளையின் வயிற்றிலும் நல்ல புரோப் வைத்துப் பார்த்தால் நாலைந்து தெரியத்தான் செய்யும். குறுக்களவு 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ஏதாவது எழுதியாக வேண்டுமே. ‘நெறிகட்டி பெருத்திருக்கிறது’ என்று எழுதிவிடுவார்கள். அதைப் பார்த்து, வேறெந்தச் சோதனையும் இல்லாமல், ஆறு மாசம் டி.பி. மாத்திரை விழுங்கிய பிள்ளைகள் இந்த நகரத்தில் உண்டு. வைரஸ் காய்ச்சலில் இந்த முடிச்சுகள் நிஜமாகவே வீங்கிக் குடல்வால் வலி மாதிரியே வலிக்கும் என்பதும் உண்மைதான். குடல்வாலைக் கண்டுபிடித்து, அது நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகு அதைச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். பார்க்காமல் சொல்வது தப்பிக்கிற வழி. இதேபோல், வலது வயிறு வலிக்கிறது என்று வந்த பிள்ளைக்குப் புரோபைக் கொஞ்சம் மேலே சாய்த்து நுரையீரலின் அடிப்பக்கத்தை எட்டிப்பார்க்கும் பழக்கமும் வேண்டும். நிமோனியாவே வயிற்றுவலியாக வேஷம் போட்டுக்கொண்டு வருவதுண்டு.

சி.டி. ஸ்கேன் எடுத்தால் இந்தப் பாடெல்லாம் இல்லையே என்று கேட்பார்கள். உண்மை. சில வினாடியில் குடல்வால் தெரிந்துவிடும், அமுக்குகிற கையின் திறமை தேவையில்லை. ஆனால் அது எக்ஸ்ரே. 2001-ல் டேவிட் பிரென்னரும் அவர் சகாக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள்: ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு தடவை வயிற்று சி.டி. எடுத்தால், அதனால் பின்னாளில் புற்றுநோயில் சாகும் வாய்ப்பு சுமார் 550-ல் ஒன்று. பெரியவர்களுக்கான அதே அளவு கதிரைக் குழந்தைகளுக்கும் கொடுத்துவந்த காலத்துக் கணக்கு அது. இன்று அளவைக் குறைத்துவிட்டார்கள். இருந்தாலும் முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் தீராத சந்தேகத்துக்கு மட்டும் சி.டி. என்ற வரிசை அதற்குப் பிறகு நிலைத்துவிட்டது. இந்த வரிசை சரி என்பதுதான் என் கட்சியும். அமுக்கப் பொறுமையில்லாதவர்கள்தான் சீக்கிரம் சி.டி.க்கு எழுதிக்கொடுக்கிறார்கள்.

எந்தப் படமும் எடுப்பதற்கு முன்னால் நான் கேட்டுவந்த கேள்வி ஒன்று உண்டு: ஆட்டோ ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது பிள்ளை அழுததா? அண்ணா அன்றைக்குக் கத்தியதிலிருந்து வந்த பழக்கம். இங்கிலாந்தில் சில டாக்டர்கள் இதையே ஆராய்ச்சியாக்கி 2012-ல் பி.எம்.ஜே. மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான பெரியவர்கள் 34 பேரில் 33 பேருக்கு ஸ்பீடு பிரேக்கரில் வலித்திருக்கிறது. தில்லி ரோடுகளால் கிடைத்த ஒரே மருத்துவப் பயன் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். அங்கே வலிக்கவில்லை என்றால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம், வலித்தால் மட்டும் குடல்வால்தான் என்று முடிவுகட்ட முடியாது.

இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களுக்கு ஒன்று. பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டாமல் போய், வாந்தியெடுத்து, வலி தொப்புளைவிட்டு வலது பக்கம் நகர்ந்திருந்தால், அன்றைக்கே ஒரு சர்ஜன் பார்க்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கியதும் ‘நார்மல்’ என்ற சொல்லைத் தேடாதீர்கள். குடல்வாலைப் பார்த்தார்களா, நுனிவரை பார்த்தார்களா, அமுக்கினால் நசுங்கியதா என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். தெரியவில்லை என்று எழுதியிருந்தால் அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டுவிட்டு வாருங்கள். குடல்வாலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், காசு கொடுத்த ஸ்கேன் இன்னும் எடுக்கப்படவில்லை. திரும்பிப் போய்க் கேளுங்கள்.